ஒரு சொட்டும் சிந்தாத ஆஸ்பத்திரி

கண்டக்டரின் இதயத்தில் அடைப்பு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய விசில்தான். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். அவருக்கும் டிரைவருக்கும் இத்தனை வருடமாக நடந்துவந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அன்று மார்க்கெட் நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிவிட்டு முதல் விசிலை ஊதினார். இரண்டாவதற்கு மூச்சு வரவில்லை. நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டத் தொடங்கிய பிறகுதான் எழுந்து வந்தார்.

“அண்ணே, நிக்கணுமா போகணுமா, ஒண்ணு சொல்லுங்க.”

கண்டக்டர் பின்படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றார். விசில் வாயிலேயே இருந்தது.

பரிசோதனைகள் நடந்தன. இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைத்துவிட்டன, பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். எந்த ஆஸ்பத்திரியில் செய்வது என்பதை மனைவியின் தம்பி முடிவு செய்தான். எதைக் கேட்டாலும் “அதுல ஒரு விவரம் இருக்கு” என்று ஆரம்பிப்பவன் என்பதால் குடும்பத்தில் அவனுக்கு விவரம் என்றே பெயராகிவிட்டது.

“மாமா, நான் விசாரிச்சிட்டேன். ரத்தத்த வீணாக்காம ஆபரேஷன் பண்ற எடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மத்த எடத்துல நெஞ்சத் தொறந்தா குடம் குடமா போகும். அப்புறம் யாரோ ஒருத்தரு ரத்தத்த ஏத்துவாங்க. நாளைக்கு நீங்க யாரு மாதிரி பேசுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“உங்க மாமாவுக்குக் கொஞ்சம் வேற ரத்தம் ஏறினா நல்லதுதான்டா. சொன்ன பேச்சாவது கேப்பாரு” என்றாள் அக்கா. ஆனால் சொல்லும்போது புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரிக்குள் செருப்போடு போக முடியாது. செருப்பு காலைக் கடித்துத் தோல் உரிந்து யாருக்காவது ரத்தம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதால், எல்லோரும் வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். கூடத்தில் சினிமாக் கொட்டகைத் திரை அளவுக்கு ஒரு மின்பலகை. ‘பிறர் ரத்தம் ஏற்றாமல் முடிந்த பைபாஸ்கள்’ என்று மேலே எழுதி, கீழே ஓர் எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதற்கும் கீழே, ‘சிந்தாதே, ஏற்றாதே, சேமி.’ உள்ளே வரும் ஊழியர்கள் எல்லோரும் அந்த எண்ணை ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். யாராவது ஒரு நோயாளிக்கு ஒரு பாட்டில் ஏற்றிவிட்டால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பலகை வைத்த நாளிலிருந்து அது இறங்கியதே இல்லை.

கண்டக்டரைப் பார்க்க முதலில் வந்தவர் அறுவை செய்யப்போகும் டாக்டரம்மா. சொற்களையும் ரத்தத்தைப் போலவே சிக்கனமாகச் செலவழிப்பவர். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“ஆபரேஷன் நேரத்துல உங்க இதயத்த நிறுத்திடுவோம். அதோட வேலைய வெளிய ஒரு மெஷின் பாக்கும். மெஷின் குழாயில மொதல்ல உப்புத்தண்ணிதான் இருக்கும். அது கலந்தா ரத்தம் நீர்த்துப்போகும். அதனால நான் குழாயக் குட்டையா வெப்பேன். தண்ணியக் கொஞ்சம் வெளியேத்திட்டு உங்க ரத்தத்தையே அதுல நெரப்புவேன். சிந்துறத உறிஞ்சி, கழுவி, உங்களுக்கே திருப்பிக் குடுப்பேன். மூளை, கிட்னி, கால்விரல் எல்லாத்துக்கும் ரத்தம் போய்ச் சேருதான்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்போம்.”

கண்டக்டர் யோசித்தார். “அதாவது, ஏறுன ஆளு எவனும் வழியில விழுந்துடக் கூடாது. விழுந்தா, தூக்கி, தொடச்சி, மறுபடி ஏத்திக்கணும். எல்லாரும் அவங்கவங்க ஸ்டாப்புல எறங்கணும்.”

“அதேதான்.” டாக்டரம்மா எழுந்தார். “இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல. யாராவது இருக்குன்னு சொன்னா, தலைய மட்டும் ஆட்டுங்க.”

எதற்காக அப்படிச் சொன்னார் என்பது, ரத்தச் சிக்கன உயர்மட்டக் குழு அவருடைய அறைக்குள் நுழைந்தபோது விளங்கியது.

குழு ஊர்வலமாகத்தான் வரும். முன்னால் தலைவர். அவரும் ஒரு காலத்தில் டாக்டராக இருந்தவர்தான். தலைவரான பிறகு, கை பட்டு ஏதாவது சிந்திவிடப் போகிறதே என்று நோயாளிகளின் பக்கத்தில்கூடப் போகாமல் தியாகம் செய்துவிட்டார். கோட்டு, சிவப்பு டை, அதற்குக் கீழே வெறுங்கால். அவருக்குப் பின்னால் தலையாட்டுவதற்கென்றே சில உறுப்பினர்கள். கடைசியில் தட்டு நிறைய ஊசியும் கண்ணாடிக் குழாயும் ஏந்திக்கொண்டு ஓர் இளம்பெண். அவளை வார்டில் எல்லோரும் ஊசிப்பெண் என்றார்கள்.

“வணக்கம்” என்றார் தலைவர். “இன்றுமுதல் நீங்கள் வெறும் நோயாளி அல்ல. நீங்கள் ஒரு நீர்த்தேக்கம். அணையின் பொறுப்பு குழுவிடம் இருக்கிறது. ரத்தம் தன் உடம்பில் ஓடுகிறது என்பதற்காகவே அது தன்னுடையது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆறு ஓர் ஊர் வழியாக ஓடினால், அது அந்த ஊருக்குச் சொந்தமாகிவிடுமா?”

“அப்ப இது யாருதுங்க?” என்று கண்டக்டர் தன் கையைப் பார்த்தபடி கேட்டார்.

“பொதுவானது. தற்போதைக்கு உங்கள் வசம் விடப்பட்டிருக்கிறது.”

கண்டக்டர் தலையை ஆட்டினார். உடனே, ஒரு சொட்டையும் அசட்டையாகச் சிந்த மாட்டேன் என்று அவரை நிற்கவைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். பிறகு அவருடைய சவர பிளேடு, சீப்பு, பல்துலக்கும் பிரஷ் மூன்றையும் பறிமுதல் செய்தார்கள். செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டார்கள். காகித ஓரம் விரலைக் கிழிக்கும் என்பது ஒரு காரணம். செய்தி படித்தால் ரத்தம் கொதிக்கிறது என்று மக்கள் சொல்வதால், கொதித்தது ஆவியாகிக் குறையுமா என்று ஓர் உறுப்பினர் எழுப்பிய ஐயம் இன்னும் ஆய்வில் இருப்பது இன்னொரு காரணம்.

கடைசியாகத் தலைவர் கண்டக்டரின் வலதுகால் கட்டைவிரல் நகத்தைத் தன் பேனாவின் பின்முனையால் அழுத்தினார். நகம் வெளுத்தது. பேனாவை எடுத்தார். மெல்லச் சிவப்பு திரும்பியது. உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

“கடைக்கோடித் திசு வரை ரத்தம் போய்ச் சேர்கிறது. இதுதான் நிர்வாகத்தின் சாரம்” என்றார் தலைவர், உறுப்பினர்கள் பக்கம் திரும்பி. “குழு என்பது இதயம். கடைநிலை ஊழியர் என்பவர் கட்டைவிரல். நம் சுற்றறிக்கை கட்டைவிரல் வரை போய்ச் சேர வேண்டும். கட்டைவிரல் திருப்பி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சிவந்தால் போதும்.”

அதன் பிறகு ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியாக அழுத்திப் பார்த்தார். மறுநாளும் வந்து அழுத்தினார்கள். அதற்கடுத்த நாள் கட்டைவிரல் அழுத்தாமலேயே சிவப்பாக இருந்தது. முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார்கள்.

விவரத்துக்கு இதெல்லாம் பரம திருப்தி. “பாத்தீங்களா மாமா, எவ்வளவு கவனம்.”

“கவனந்தான். நம்ம டிப்போவுல புது டயருக்குக்கூட இப்படி அமுக்கிப் பாக்க மாட்டாங்க.”

காலையில் ஊசிப்பெண் வருவாள். நல்ல பெண். குத்துவதற்கு முன்னால் மன்னிப்பு கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வாள். ஆனால் விதி என்றால் அவளுக்கு விதிதான். மூன்று குழாய் நிறைய எடுப்பாள்.

“மொதல் குழா எதுக்கும்மா?”

“உங்க ஒடம்புல ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாக்கறதுக்கு சார்.”

“ரெண்டாவது?”

“மொதல்ல பாத்தது சரியான்னு பாக்க.”

“மூணாவது?”

“மொத ரெண்டுல ஜாஸ்தி எடுத்துட்டோமான்னு தெரிஞ்சுக்கறதுக்கு சார்.”

“எடுத்திருந்தா?”

“நாலாவது எடுத்து உறுதி பண்ணுவோம்.”

கண்டக்டர் கையை நீட்டினார். அவரும் விதிக்குக் கட்டுப்பட்டவர்தானே. ஏறிய ஆளிடம் டிக்கெட் கேட்காமல் விட்டதில்லை. ஆனால் கொடுத்த டிக்கெட் சரியா என்று பார்க்க இன்னொரு டிக்கெட்டும், அது சரியா என்று பார்க்க இன்னொன்றும் அவர் ஒருநாளும் கிழித்ததில்லை.

அப்படியும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் கொசு வந்தது.

ஒரு மாலை, கண்டக்டரின் முழங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. மனைவி பேச்சுவாக்கில் பட்டென்று அடித்தாள். கொசு செத்தது. கையில் கடுகளவு சிவப்பு. அவள் தலைப்பால் துடைக்கப் போனபோது, “தொடாதீங்க!” என்று வாசலில் ஒரு குரல். தண்ணீர் ஜாடி மாற்ற வந்த ஊழியர் அப்படியே ஓடிப்போய்க் குழுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

தலைவர் கடுகளவுச் சிவப்பைக் குனிந்து பார்த்தார். “இந்த வளாகத்தில் ரத்தம் சிந்தியிருக்கிறது.”

“கொசுங்க” என்றாள் மனைவி.

“கொசு என்பது ஒரு பாத்திரம், அம்மா. பாத்திரத்தை உடைத்தது நீங்கள். உள்ளே இருந்தது யாருடையது என்பதுதான் கேள்வி. இவருடையதா? அல்லது அடுத்த அறையில் எடுத்துக்கொண்டு இங்கே வந்ததா? அடுத்த அறை என்றால், அனுமதியில்லாமல் ரத்தம் அறை மாற்றப்பட்டிருக்கிறது. இவருடையது என்றால், உறுதிமொழி மீறப்பட்டிருக்கிறது.”

“நான் ஒண்ணும் பண்ணலீங்க. அது பாட்டுக்கு வந்து ஒக்காந்துச்சு” என்றார் கண்டக்டர்.

“ஒத்துழைத்திருக்கிறீர்கள்.”

சொட்டு யாருடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க, கண்டக்டரிடமிருந்து ஒரு பெரிய குழாய் நிறைய எடுத்தார்கள். அடுத்த அறைக்காரரிடமும் எடுத்தார்கள். அவர் ஏன் எதற்கென்று கேட்டதற்கு, கண்டக்டரைக் கை காட்டினார்கள். முடிவு தெளிவாக வரவில்லை என்று சொல்லி, மறுபடி இரண்டு பேரிடமும் எடுத்தார்கள். கடுகளவு போனதைக் கண்டுபிடிக்க ஒரு டம்ளருக்குக் குறையாமல் போயிற்று. கொசுவின் குடும்பத்தாரைப் பிடிக்க வலை கட்டப்பட்டது.

இப்படியே போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கண்டக்டரின் ரத்த அளவு இறங்கத் தொடங்கியது. ஆபரேஷனுக்குக் குறித்த நாளன்று காலையில் எடுத்துப் பார்த்தால், அளவு குழு விதித்த கோட்டுக்குக் கீழே இருந்தது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்மேல் கத்தி வைத்தால் பிறர் ரத்தம் ஏற்ற வேண்டி வரும். ஏற்றினால் பலகை பூஜ்யத்துக்கு வரும். ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்டது. அளவு ஏறுகிறதா என்று பார்க்க இனி காலையும் மாலையும் எடுப்பது என்று முடிவாயிற்று.

அளவு ஏறவில்லை. இன்னும் இறங்கியது. குழுவுக்கு ஒரே ஆச்சரியம். வெளியில் ஒரு சொட்டும் சிந்தவில்லை, ஆனால் உள்ளே குறைகிறது. எங்கேயோ கசிவு இருக்கிறது. கண்டக்டருக்குக் கீழே வெள்ளைப் படுக்கைவிரிப்பு போட்டுச் சுற்றிலும் தேடினார்கள். தலையணையைப் பிழிந்து பார்த்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிய மனைவியை வாசலில் நிறுத்தி, காலி டிபன் கேரியரைத் திறந்து மோந்து பார்த்தார்கள்.

“எம்புருஷன் ரத்தத்த நான் டிபன் கேரியர்ல வெச்சு எடுத்துட்டுப் போறேனா?” என்றாள் அவள்.

“அப்படிச் சொல்லவில்லை. போகவில்லை என்று உறுதி செய்துகொள்கிறோம்.”

அன்று கண்டக்டர் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும்போது பாதி வழியில் நின்றுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மனைவி ஓடிவந்து தோளுக்குக் கீழே கை கொடுத்தாள்.

“வண்டி நின்னுடுச்சுடி” என்றார் மெதுவாக.

“நிக்கல. ஸ்டாப்புல நிக்குது. ஏறிக்குங்க” என்றாள் அவள். குரல் உடையவில்லை. அவரைப் படுக்க வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். அங்கே டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார்.

“இன்னும் எத்தன நாள் தாங்கும் டாக்டர்?”

“ரொம்பத் தாங்காது.” அவர் பொய் சொல்லிப் பழகாதவர். “நான் கத்திய எடுக்கறதுக்குள்ள அடைப்பு முந்திக்கக் கூடாது.”

மறுநாளே டாக்டரம்மா குழுவின் முன்னால் போய் நின்றார். கண்டக்டரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் மேஜைக்கு எதிரே நிறுத்தினார்கள், சான்றுப் பொருளாக.

“இவருக்கு ரத்தம் கொறையுதுன்னா, நீங்க எடுக்கறதாலதான் கொறையுது. எடுக்கறத நிறுத்துங்க” என்றார் டாக்டரம்மா.

தலைவர் புன்னகை செய்தார். “எடுக்காமல் விட்டால், குறையவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது?”

“எடுக்காட்டி கொறையாது.”

“அது உங்கள் நம்பிக்கை. குழு நம்பிக்கையின் மேல் இயங்குவதில்லை. குறைகிறது என்பதற்கு ஆதாரம் எங்களிடம் நிறைய இருக்கிறது. எடுக்க எடுக்க ஆதாரம் கூடிக்கொண்டேதான் போகிறது.” உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். “டாக்டர், உங்கள் கவலை ஒரு நோயாளி. எங்கள் கவலை பலகை. இவர் இன்று இருப்பார், நாளை...” என்று கண்டக்டரைப் பார்த்துவிட்டு, “நாளையும் இருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பலகை நிரந்தரம்.”

“ஆபரேஷன் ஆகாமலே இவருக்கு ஏதாவது ஆயிட்டா?”

“ஆபரேஷன் ஆகாதவர் பலகைக்குள் வரமாட்டார். எண் பாதிக்கப்படாது.” ஆறுதல் சொல்வதுபோல்தான் தலைவர் இதைச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் கூடத்தில் ஒரு கண்ணாடிக்கதவுக் குளிர்பெட்டி புதிதாக வந்திருந்தது. உள்ளே விளக்கு போட்டு, வரிசை வரிசையாகச் சின்னக் குழாய்கள். பார்வையாளர்கள் சிலருக்குத் தலைவரின் ஆள் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். “ஒரே நோயாளியிடமிருந்து மட்டும் குழு இவ்வளவு சேமித்திருக்கிறது.” கண்டக்டர் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு குழாயிலும் ‘கண்டக்டர்’ என்று ஒட்டியிருந்தது. தான் ஒரு முழு பஸ் நிறைய உட்கார்ந்திருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

பின்னால் வந்துகொண்டிருந்த தலைவரிடம், “அய்யா, இதெல்லாம் என்னோடதுதானே. எனக்கே ஊத்திட்டா எடம் காலியாகுமே” என்றார்.

தலைவர் அதிர்ந்துபோனார். “சேமிப்பை எடுத்துச் செலவழிப்பதா?”

“சோதனைக்கு எடுத்தத திருப்பி ஏத்த முடியாது. அது போனது போனதுதான்” என்று டாக்டரம்மா கண்டக்டரின் காதருகே சொன்னார். நாற்காலியைத் தள்ளிய விவரம் குளிர்பெட்டியை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தான். அதில் அவனுக்கு எந்த விவரமும் தென்படவில்லை என்று தெரிந்தது.

அறைக்கு வந்ததும் அவன் அக்காவைப் பார்த்து, “வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிரலாமாக்கா?” என்றான்.

“வழியில தாங்க மாட்டாருங்கறாங்கடா.”

எல்லா வழியும் அடைத்துவிட்டது. அந்த நேரத்தில்தான், ரத்தச் சிக்கனத்துக்கான அகில உலகப் பரிசு குழுவுக்குக் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தது. பரிசை வாங்கக் குழு முழுவதும் கடல் தாண்டிப் போக வேண்டும். தலைவர் போகிறார், உறுப்பினர்கள் போகிறார்கள், கைதட்ட ஆள் வேண்டும் என்பதால் மற்றவர்களும் போகிறார்கள். களப்பணியின் சின்னமாக ஊசிப்பெண்ணும் தட்டோடு போகிறாள். தாங்கள் இல்லாத நேரத்தில் பொறுப்பில்லாமல் யாரும் ரத்தத்தை வீணாக்கிவிடக் கூடாதே என்று, வார்டில் இருந்த ரத்தம் எடுக்கும் ஊசி, குழாய் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிரித்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

வார்டில் அமைதி. காலையில் யாரும் குத்தவில்லை, மாலையிலும் குத்தவில்லை. கட்டைவிரல் பழைய நிறத்துக்குத் திரும்பியது. டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருந்த சாமானை வைத்துக்கொண்டு இரும்புச்சத்து மருந்தை நரம்பில் சொட்டுச்சொட்டாக இறக்கினார். மனைவி கீரையும் ஈரலும் முட்டையுமாகக் கொண்டுவந்து, “வாயத் தொறங்க, இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு, உள்ள போகட்டும்” என்று திணித்தாள். டிபன் கேரியரை மோந்து பார்க்க ஆள் இல்லை. ஒரு காலையில் விவரம் உள்ளே வந்தவன், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான். உதடு சிவந்திருந்தது.

டாக்டரம்மா குழந்தைகள் வார்டிலிருந்து, பிறந்த குழந்தைக்குப் பயன்படுத்தும் ஒரு குட்டிக் குழாய் வாங்கிவந்தார். சில சொட்டுகள் மட்டும் எடுத்தார். அளவு கோட்டுக்கு மேலே வந்திருந்தது.

“நாளைக்குக் காலையில” என்றார்.

தியேட்டருக்குள் போகும் முன் கண்டக்டர் கேட்டார். “டாக்டர், விசில வாயில வெச்சுக்கலாமா? பழக்கம்.”

“வாயில எங்க குழாய் இருக்கும்.”

அவர் விசிலை மனைவியிடம் கொடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். கதவு மூடியது. உள்ளே இதயத்தை நிறுத்தினார்கள்; மெஷின் குட்டைக் குழாய் வழியாக அவரை ஓட்டிக்கொண்டிருந்தது. வெளியே விவரம் ஏதேதோ பேச வாயெடுத்து, ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. அக்கா உட்காரவே இல்லை.

வெயில் சாயும் நேரத்துக்கு டாக்டரம்மா முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டு வெளியே வந்தார்.

“இதயம் அதுவா ஓடுது. யாரு ரத்தமும் ஏத்தல. சிந்துனத கழுவி அவருக்கே குடுத்துட்டோம். சிறுநீர் நல்லா எறங்குது. கட்டைவிரல் சிவப்பா இருக்கு.”

அப்போதுதான் மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் திறந்தால், விசில் அழுந்திய தடம் அப்படியே பதிந்திருந்தது.

குழு பரிசோடு திரும்பியபோது கண்டக்டர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூன்று பந்துகள். மூச்சை இழுத்தால் மேலே ஏற வேண்டும். இரண்டு ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாவது பந்து மட்டும், படிக்கட்டில் தொங்கும் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் ஏறுவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. விசில் கழுத்தில் தொங்கியது.

தலைவர் உள்ளே வந்தார். கையில் பரிசு: சொட்டு வடிவத்தில் செய்த தடித்த கண்ணாடிக் குமிழ், நல்ல கனம். உறுப்பினர்கள் பின்னால். டாக்டரம்மாவும் வந்து ஒரு மூலையில் நின்றார்.

“குழு இல்லாத நேரத்தில் ஆபரேஷன் நடந்திருக்கிறது” என்றார் தலைவர். “ஒரு சொட்டும் ஏற்றப்படவில்லை. பலகையில் எண் கூடியிருக்கிறது. இதிலிருந்து தெரிவது என்ன? குழு இல்லாதபோதும் குழுவின் கொள்கை கடைக்கோடித் திசு வரை ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான். நாங்கள் இங்கே இருந்து எவ்வளவோ செய்தோம். இல்லாமல் அதைவிட அதிகம் செய்திருக்கிறோம்.”

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். மூலையிலிருந்து டாக்டரம்மாவும் தட்டினார்.

“ஆனால் ஒரு கேள்வி” என்று தலைவரின் முகம் மாறியது. “நாங்கள் கிளம்பும்போது இவரிடம் ரத்தம் குறைவு. திரும்பி வந்தால் அதிகம். யாரும் ஏற்றவில்லை. அப்படியானால் இந்த உபரி ரத்தம் இவருக்கு எங்கிருந்து வந்தது?”

“ஒடம்புல ஊறுதுங்க” என்றாள் மனைவி.

“யாருடைய அனுமதியோடு?”

தலைவர் கையசைத்தார். ஊசிப்பெண் தட்டோடு முன்னால் வந்தாள். தட்டில் குழாய்கள் முன்பைவிட நீளமாக இருந்தன. மாநாட்டில் கொடுத்தவை.

“சார், கையக் கொஞ்சம் நீட்டறீங்களா?” என்று மன்னிப்பு கேட்கும் முகத்தோடு கேட்டாள்.

கண்டக்டர் தன் கையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் இமைக்கவில்லை. டப்பாவை மடியில் வைத்துவிட்டு, விசிலை எடுத்து வாயில் வைத்து, உள்ளே இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒரு விசில் ஊதினார்.

அறை அதிர்ந்தது. ஊசிப்பெண் நின்ற இடத்தில் நின்றாள். உறுப்பினர்கள் நின்றார்கள். எல்லோரும் எப்போதோ பஸ்ஸில் போனவர்கள்தானே. தலைவரும் திடுக்கிட்டு நின்றார், ஆனால் கையிலிருந்த கண்ணாடிச் சொட்டு நிற்கவில்லை. வழுக்கி, நேராக அவருடைய வெறுங்காலில் விழுந்தது.

“அய்யோ!”

கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒன்று திரண்டது. உருண்டது. தரையில் விழுந்தது.

எல்லோருடைய கண்களும் தரையிலேயே இருந்தன.

“இந்த வளாகத்துல ரத்தம் சிந்திருக்கு” என்றாள் ஊசிப்பெண், மெதுவாக. தட்டைத் தலைவர் பக்கம் திருப்பினாள். “சார், கையக் கொஞ்சம் நீட்டறீங்களா?”

“ஒரு சொட்டுதானேம்மா.”

“ஒரு சொட்டுதானான்னு உறுதி பண்ணணும் சார். மொதல் குழா எவ்வளவு இருக்குன்னு பாக்க. ரெண்டாவது அது சரியான்னு பாக்க. மூணாவது...”

“மூன்றாவது எதற்கென்று எனக்குத் தெரியும்!”

“உங்க சுற்றறிக்கைதான் சார்” என்று அவள் ரப்பர் பட்டையை எடுத்தாள். உறுப்பினர்கள் பழக்கத்தில் தலையாட்டினார்கள். இரண்டு பேர் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள், சிந்தாமல் இருக்க.

கண்டக்டரின் மனைவி குனிந்தாள். தலைவரின் காயமில்லாத கால் கட்டைவிரல் நகத்தை நன்றாக அழுத்தினாள். எடுத்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“கடைக்கோடி வரைக்கும் போய்ச் சேருதுங்க” என்றாள்.

குழு தலைவரை நடுவில் வைத்து ஊர்வலமாகக் கிளம்பப் பார்த்தது. ஆனால் எந்தப் பக்கம் போவது, விசாரணை அறைக்கா, பரிசோதனை அறைக்கா என்று தெரியாமல் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. வாசலை அடைத்துக்கொண்டு யார் நின்றாலும் கண்டக்டருக்குப் பொறுக்காது.

“படியில நிக்காதீங்க. முன்னாடி போங்க, போங்க” என்றார்.

பிறகு விசிலை வாயில் வைத்து, மூச்சை இழுத்து, ஒன்று ஊதினார். உடனே இரண்டாவதும் ஊதினார்.

வண்டி கிளம்பியது.